இறந்தவர்களுடன் பேசுவதாகச் சொல்வோரும் அறிவியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீடியம், சைக்கிக் என்ற பெயர்களில் இயங்குவோரைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்கள்தான் என்னிடம் வந்து சேர்கின்றன. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ, ஏறத்தாழ அப்படியே கேள்விகளைத் தந்திருக்கிறேன். அவர்களில் பலர் அண்மையில் ஒருவரை இழந்தவர்கள் என்பதை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

1. மீடியம்கள் சொல்வதை அறிவியல் ஏற்கிறதா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஏற்கவில்லை. நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் சோதனைகளில், ஒரு மீடியம் சாதாரண வழிகளில் செய்தியை அறிந்துகொள்ளும் வாய்ப்புகள் எந்த அளவுக்கு அடைக்கப்பட்டனவோ, அந்த அளவுக்கு அவருடைய வெற்றியும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இறந்தவர்களிடமிருந்து செய்தி வருகிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டி, அதை நம்பாத ஆய்வாளர்களும் தங்கள் ஆய்வகங்களில் திரும்பச் செய்து உறுதிப்படுத்திய சோதனை ஒன்றுகூட இதுவரை இல்லை.

2. மீடியமும் சைக்கிக்கும் ஒன்றுதானே?

முற்றிலும் ஒன்றல்ல. இறந்தவர்களின் ஆவியோடு தொடர்புகொள்வதாகச் சொல்பவர் மீடியம். பிறர் மனத்தில் இருப்பதையோ, தொலைவில் நடப்பதையோ, இனி நடக்கப்போவதையோ ஐம்புலன்களின் துணையின்றி அறிவதாகச் சொல்பவர் சைக்கிக். சோதிக்கும் முறை இருவருக்கும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் இங்கே சேர்த்தே பேசுகிறேன்.

3. அறிவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்க்காமலேயே ஒதுக்கிவிட்டார்கள் என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டு வரலாற்றுக்குப் பொருந்தாது. 1882-இல் லண்டனில் ‘சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச்’ என்ற ஆய்வுக் கழகம் இதற்காகவே தொடங்கப்பட்டது. அமெரிக்க உளவியலின் முன்னோடிகளுள் ஒருவரான வில்லியம் ஜேம்ஸ், லியோனோரா பைப்பர் என்ற மீடியத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1930-களில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் வட்டம், சிலுவை, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் ஆகிய ஐந்து குறிகள் கொண்ட 25 சீட்டுகளைக் கொண்டு, பார்க்காமலேயே குறியைச் சொல்லும் சோதனைகளைப் பெரும் எண்ணிக்கையில் நடத்தினார். வெறும் ஊகத்திலேயே 25-க்கு 5 சரியாக வரும். அவருக்குச் சிலரிடம் அதைவிட அதிகம் வந்தது. தொடக்கத்தில் பயன்பட்ட சீட்டுகள் சிலவற்றின் பின்புறத்திலிருந்தே குறியைக் கண்டுகொள்ள முடிந்தது என்பது பின்னர் தெரியவந்தது. கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்டபோது அந்த அதிகம் பிறருக்குக் கிடைக்கவில்லை.

இதில் ஈடுபட்டவர்களுள் பலர் ‘ஆம்’ என்ற விடை வரவேண்டும் என்று உள்ளூர விரும்பியவர்கள். நேரமும் பணமும் பெயரும் செலவழித்துத் தேடியும் கிடைக்கவில்லை என்பதே உண்மை நிலை.

4. என் அப்பாவின் பெயரையே சொல்லிவிட்டார். முன்பின் தெரியாதவருக்கு அது எப்படி முடியும்?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். ஆகவே சற்று நெருங்கிச் சென்று பார்ப்போம். அமர்வு வழக்கமாக இப்படித் தொடங்கும்: “வயதில் மூத்த ஓர் ஆண் தெரிகிறார். அப்பாவாக இருக்கலாம், அப்பாவைப் போன்ற ஒருவராகவும் இருக்கலாம்.” எதிரில் இருப்பவரின் கண் கலங்கினால் அப்பா என்பது உறுதியாகிவிடுகிறது, முகத்தில் அசைவே இல்லையென்றால் அந்த ஆண் தாத்தாவாகவோ மாமாவாகவோ மாறிவிடுவார். அடுத்து, “நெஞ்சுப் பக்கம் ஒரு பாரம் தெரிகிறது” என்பார். மாரடைப்பு, நுரையீரல் நோய், கடைசி நாள்களின் மூச்சுத்திணறல் என எதை வேண்டுமானாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடைத்துவிடலாம். பிறகு, “ரா… ரா என்று ஓர் ஒலி கேட்கிறது. ராஜா? ராமன்?” என்று இழுப்பார். வந்தவர் தாங்கமாட்டாமல் “ராமச்சந்திரன்!” என்பார். “ஆமாம், அவர்தான்” என்று மீடியம் தலையசைப்பார்.

இங்கே பெயரைச் சொன்னவர் வந்தவரே. ஆனால் ஒரு வாரம் கழித்து அவர் வீட்டில் விவரிக்கும்போது, “அப்பா பெயரைப் பளிச்சென்று சொல்லிவிட்டார்” என்றுதான் வரும். அவர் பொய் சொல்லவில்லை. பொருந்தியதை வைத்துக்கொண்டு பொருந்தாததை உதிர்த்துவிடுவது நினைவின் இயல்பு. போட்டு வாங்கும் இந்தக் கலையில் மீடியம் சொல்வதில் பெரும்பகுதி கேள்வியாகவே இருக்கும், ஆனால் செய்தியைப் போல ஒலிக்கும். அமர்வை ஒலிப்பதிவு செய்ய இசைவு கிடைத்தால், பிறகு பதிவைக் கேட்டு, யார் எந்தத் தகவலை முதலில் சொன்னார் என்று ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதிப் பாருங்கள். அந்தத் தாளைவிடத் தெளிவான விளக்கத்தை என்னால் தர முடியாது.

5. பெயரை விடுங்கள். என் குணத்தை அப்படியே பிட்டுப்பிட்டு வைத்தாரே!

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குணவிவரம் எழுதிக் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. அதன் பிறகே, அனைவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே விவரம் என்பதையும், அதன் வாக்கியங்கள் கடையில் விற்ற ஒரு சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதையும் அவர் வெளிப்படுத்தினார்.

“வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நீங்கள் அடிக்கடி கவலைப்படுபவர்” என்ற வகை வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? பிற்காலத்தில் இத்துறையின் முதன்மையான விமர்சகராக விளங்கிய உளவியலாளர் ரே ஹைமன், இளமையில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். ரேகை உண்மையைத்தான் சொல்கிறது என்று அப்போது மனதார நம்பியவர். நண்பர் ஒருவரின் யோசனைப்படி, ரேகை சொல்வதாக நூல்கள் கூறுவதற்கு நேர்மாறாகப் பலன் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் அதையும் முன்போலவே வியந்து ஏற்றுக்கொண்டார்கள்.

6. பொதுவானதைச் சொல்லவில்லை. மருத்துவமனை, நோய், தெரு எல்லாம் துல்லியமாக வந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பது இன்னொரு வழி. 1986-இல் அமெரிக்காவில் பீட்டர் பொபாஃப் என்ற மதபோதகர், கூட்டத்தில் இருப்பவர்களின் பெயர், முகவரி, நோய் ஆகியவற்றை இறையருளால் அறிந்து சொல்வதாகக் காட்டிக்கொண்டிருந்தார். மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியும் அவருடைய குழுவினரும் வானொலி அலைவரிசைகளைத் துழாவியபோது, அந்தச் ‘சொர்க்கத்துச் செய்தி’ 39.17 மெகாஹெர்ட்ஸில் அவருடைய மனைவியின் குரலில் வந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் நிரப்பிக் கொடுத்த பிரார்த்தனைச் சீட்டுகளை அவர் படித்துச் சொல்ல, கணவர் காதுக்குள் இருந்த கருவி வழியே கேட்டார்.

இன்று அந்த அளவுக்குப் பாடுபடத் தேவையில்லை. முன்பதிவு செய்யத் தரும் கைப்பேசி எண்ணும், சமூக வலைத்தளத்தில் போட்ட நினைவஞ்சலிப் பதிவும், அதன் கீழே உறவினர்கள் எழுதிய ஆறுதல் வார்த்தைகளும் போதும். உங்களைச் சந்தித்தவர் இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை; செய்திருக்க முடியாது என்று உறுதிப்படுத்தப்படாத அமர்வைச் சான்றாகக் கொள்ள முடியாது என்கிறேன்.

7. அப்படியானால் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்கிறீர்களா?

இல்லை. ஏமாற்றியவர்கள் உண்டு. 1848-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ‘ஆவி தட்டும் ஓசை’யால் புகழ்பெற்று, ஆவிகளோடு பேசும் இந்த இயக்கத்தையே தொடங்கிவைத்த ஃபாக்ஸ் சகோதரிகளுள் ஒருவரான மார்கரெட், 1888-இல் மேடையேறி, கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கியே அந்த ஓசையை எழுப்பியதாக ஒப்புக்கொண்டு செய்தும் காட்டினார். அடுத்த ஆண்டே வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சொடுக்கிக் காட்டியதைத் திரும்பப் பெற முடியாதல்லவா?

எனினும் தம்மைத் தாமே நம்புகிறவர்களும் நிறைய உண்டு. கைரேகை பார்த்த இளம் ஹைமனைப் போல, வந்தவர்கள் தலையாட்டத் தலையாட்டத் தமக்கு ஆற்றல் இருப்பதாக ஒருவர் மனப்பூர்வமாக முடிவுசெய்துவிடலாம். இறந்தவர்களின் குரல் கேட்பதாகச் சொல்லும் மீடியம்கள் 65 பேரை ஆராய்ந்து டர்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, உள்மனக் காட்சிகளில் ஆழ்ந்துவிடும் இயல்பு அவர்களிடம் பிறரைவிட அதிகம் என்று காட்டியது. பலருக்கு இளம் வயதிலேயே அந்த அனுபவம் தொடங்கியிருந்தது. குரல் கேட்பது உண்மையான அனுபவமாக இருக்கலாம். அது எங்கிருந்து வருகிறது என்பது வேறு கேள்வி.

8. மூளையை ஸ்கேன் செய்து நிரூபித்துவிட்டார்கள் என்று படித்தேனே?

2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆவி தம் கையைப் பிடித்து எழுதவைப்பதாகச் சொல்லும் பிரேசில் நாட்டு மீடியம்கள் 10 பேரின் மூளை இரத்த ஓட்டம் படமெடுக்கப்பட்டது. அனுபவம் மிக்கவர்கள் மயக்கநிலையில் எழுதியபோது, மூளையின் சில பகுதிகளில் செயல்பாடு அவர்களுடைய வழக்கமான எழுத்தின்போது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. அவர்கள் வெறுமனே நடிக்கவில்லை, மனநிலை மாறுகிறது என்று கொள்ள இது இடம் தருகிறது. எழுத்து ஆவியிடமிருந்து வந்ததா என்பதை அந்தப் படம் காட்டாது, காட்டவும் முடியாது.

9. ஆவியை அழைக்கும் எழுத்துப் பலகைமேல் கவிழ்த்து வைத்த டம்ளர் தானாக நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். யாரும் தள்ளவே இல்லை.

யாரும் தெரிந்து தள்ளவில்லை என்பது சரி. 1853-இல், மின்காந்தவியலின் தந்தையரில் ஒருவரான மைக்கேல் ஃபாரடே, மேசையைச் சுற்றி அமர்ந்து கைவைத்தால் அது தானே நகர்கிறது என்ற அந்நாளைய பரபரப்பைச் சோதித்தார். கைகளுக்கும் மேசைக்கும் இடையில் பல அட்டைகளை அடுக்கி, அவை மெல்ல நழுவும்படி மென்மையான பசையால் ஒட்டினார். மேசை கைகளை இழுத்துச் சென்றிருந்தால் அடியிலுள்ள அட்டை முந்தியிருக்க வேண்டும். மேலே உள்ள அட்டையே முந்தியிருந்தது. அதாவது கைகளே மேசையைத் தள்ளியிருந்தன. பிறகு, கை தள்ளினால் அசைந்து காட்டும் ஒரு குச்சியை அவர்கள் கண்ணெதிரே பொருத்தினார். அதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்தபோது மேசை நகரவே இல்லை.

எண்ணம் நம்மை அறியாமல் தசையை அசைக்கிறது. பலர் விரல் வைக்கும்போது ஒவ்வொருவரும் மற்றவர்தான் நகர்த்துகிறார் என்று நினைக்கிறார்கள். விரல் வைப்பவர்கள் எல்லோருடைய கண்ணையும் கட்டி, பலகையையும் அவர்களுக்குத் தெரியாமல் திருப்பி வைத்தால், கூர்மையாகப் பதில் சொல்லிவந்த ‘ஆவி’ பொருளற்ற எழுத்துகளைக் கூட்டத் தொடங்கிவிடும்.

10. சரி, நேர்மையான சோதனை என்றால் அது எப்படி இருக்கும்?

நான்காம், ஐந்தாம், ஆறாம் பதில்களில் சொன்ன வழிகள் அனைத்தையும் அடைப்பதுதான் அடிப்படை. 2005-இல் சியரன் ஓ’கீஃபும் ரிச்சர்ட் வைஸ்மனும் வெளியிட்ட ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து மீடியம்கள், ஐந்து பங்கேற்பாளர்கள். மீடியம் ஓர் இடத்தில், யாருக்காகச் சொல்லப்படுகிறதோ அவர் வேறோர் இடத்தில். முகக்குறிப்பும் இல்லை, குரலும் இல்லை, பேச்சும் இல்லை. பின்னர் ஒவ்வொரு பங்கேற்பாளரும், எது தமக்காகச் சொல்லப்பட்டது, எது பிறருக்காகச் சொல்லப்பட்டது என்று அறியாமலே எல்லாக் கூற்றுகளுக்கும் மதிப்பெண் இட்டார். தமக்காகச் சொல்லப்பட்டவற்றுக்கு அவர்கள் கூடுதல் மதிப்பெண் தரவில்லை.

நேரில் அமர்ந்திருந்தால் இதே கூற்றுகள் சிலரைக் கண்கலங்க வைத்திருக்கக்கூடும் என்றே நான் எண்ணுகிறேன். ‘இது உனக்கு’ என்ற முகவரி நீங்கியதும் அவற்றின் வலு போய்விட்டது.

11. ஆனால் சில ஆய்வுகளில் ‘ஆம்’ என்று வந்திருக்கிறதே? அவற்றை மறைக்கிறீர்கள்.

மறைக்கவில்லை. அமெரிக்காவில் ஜூலி பெய்ஷலும் உடன் ஆய்வாளர்களும் மீடியம்கள் 20 பேரைக் கொண்டு தொலைபேசி வழியே நடத்தி 2015-இல் வெளியிட்ட மறைப்புச் சோதனையில் (எது யாருக்குரியது என்பதை மறைத்துச் செய்வது), சாதகமான முடிவைக் கண்டதாகக் கூறினர். டெலிபதியை, அதாவது பிறர் மனத்தில் இருப்பதை அறிவதை, சோதிக்கும் ‘கான்ஸ்ஃபெல்ட்’ முறையில், கண்ணை மறைத்து, காதில் இரைச்சலை ஒலிக்கவிட்டு, வேறோர் அறையில் இருப்பவர் பார்க்கும் படத்தை நான்கில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஊகத்தில் 25 விழுக்காடு வரவேண்டிய இடத்தில் சுமார் 32 விழுக்காடு வந்ததாக 1994-இல் ஒரு கட்டுரை அறிவித்தது. 1999-இல் வேறு 30 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மில்டனும் வைஸ்மனும் அந்த விளைவைக் காணவில்லை. இந்தத் தொகுப்புகளைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்குப் பாடமாகத் தோன்றுவது டாரில் பெம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு. வருங்காலத்தை உணர முடிகிறது என்று ஒன்பது சோதனைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு காட்டியதாக, மதிப்புமிக்க ஓர் உளவியல் ஆய்விதழில் அவர் எழுதினார். மூன்று ஆய்வகங்கள் அவற்றுள் ஒன்றைத் திரும்பச் செய்து 2012-இல் முடிவை வெளியிட்டன, எதுவும் தென்படவில்லை. தரவைப் பார்த்த பிறகு பகுப்பாய்வு முறையைத் தேர்வது, தோற்ற சோதனைகளை அலமாரியில் வைத்துவிட்டு வென்றவற்றை மட்டும் வெளியிடுவது போன்ற பழக்கங்கள் உளவியல் துறை முழுவதிலும் எவ்வளவு ஊறியிருந்தன என்பதை அந்த ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அந்த வகையில் பெம் அறிவியலுக்கு நன்மையே செய்தார், அவர் நினைத்த நன்மை அதுவல்ல என்றாலும்.

12. அமெரிக்க உளவுத்துறையும் போலீசும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சும்மாவா செய்வார்கள்?

1970-களில் தொடங்கி 1995 வரை, தொலைவில் இருப்பதை மனத்தால் காணும் திட்டங்களுக்கு அமெரிக்க அரசு சுமார் 2 கோடி டாலர் செலவிட்டது உண்மை. முடிவில் மதிப்பிட அழைக்கப்பட்ட இருவருள் புள்ளியியலாளர் ஜெசிக்கா அட்ஸ், ஊகத்தை மிஞ்சிய விளைவு இருக்கிறது என்றார். நாம் முன்பே பார்த்த ரே ஹைமன் அதை மறுத்தார். ஆனால் உளவு வேலைக்குப் பயன்படும் ஒரு தகவல்கூட அதிலிருந்து கிடைக்கவில்லை என்பதே மதிப்பீட்டின் முடிவு, திட்டம் மூடப்பட்டது. அரசுகள் வீணாகச் செலவிடுவதில்லை என்ற நம்பிக்கையைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

போலீஸ் பக்கம், 1979-இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை 12 சைக்கிக்குகளிடம் நான்கு குற்றங்களின் தடயங்களைக் கொடுத்துச் சோதித்தது. புலனாய்வுக்கு உதவும் எதுவும் வரவில்லை. தீங்கும் நேர்ந்திருக்கிறது. சில்வியா பிரௌன் என்ற புகழ்பெற்ற சைக்கிக், காணாமற்போன ஒரு பெண்ணின் தாயிடம், மகள் உயிரோடு இல்லை என்று 2004-இல் தொலைக்காட்சியில் சொன்னார். தாய் அதன் பின் சில ஆண்டுகளில் இறந்துபோனார். 2013-இல் கிளீவ்லாந்து நகரில் அந்தப் பெண் உயிரோடு மீண்டார்.

13. நான் கனவில் கண்டது மறுநாள் அப்படியே நடந்தது. இதையும் தற்செயல் என்பீர்களா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய கனவு மறுநாள் நிகழ்வோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போவது பத்தாயிரம் இரவுகளில் ஓர் இரவு மட்டுமே நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓராண்டில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் அது ஒருமுறையேனும் நடந்துவிடும். ஒரு கோடிப் பேர் வாழும் இடத்தில் மூன்றரை லட்சம் பேருக்கு. அவர்கள் எல்லோரும் அதை மறக்காமல் சொல்வார்கள். பலிக்காத கனவுகளைப் பற்றி யாரும் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதில்லை.

14. நம்பாதவர் அருகில் இருந்தால் சக்தி வேலை செய்யாதாமே? அப்புறம் எப்படிச் சோதிப்பது?

இந்த விளக்கத்தை ஏற்றால், சோதனையில் வென்றால் சக்தி உண்டு, தோற்றாலும் சக்தி உண்டு என்றாகிவிடும். மேலும், நம்புகிறவர்கள் நடத்திய சோதனைகளிலும் கட்டுப்பாடு இறுகியபோது விளைவு மங்கியதை மூன்றாம் பதிலில் பார்த்தோம். நம்பும் ஆய்வாளரிடம் நன்றாக வேலை செய்வது பெரும்பாலும் தந்திரம்தான். 1979 முதல் 1983 வரை, ராண்டி அனுப்பிய இரண்டு இளம் மேஜிக் கலைஞர்கள் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் சைக்கிக்குகளாக நடித்து, கரண்டி வளைத்துக் காட்டி ஆய்வாளர்களை நம்பவைத்தார்கள். அறிவியலாளருக்கு இயற்கையோடுதான் பழக்கம். இயற்கை யாரையும் வேண்டுமென்றே ஏமாற்றுவதில்லை. அதே ராண்டியின் அறக்கட்டளை, முறையான சோதனையில் வெல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக 2015 வரை அறிவித்திருந்தது. சோதனை விதிகள் இரு தரப்பும் ஒப்புக்கொண்டே வகுக்கப்பட்டன. முதல்கட்டச் சோதனையைக்கூட யாரும் தாண்டவில்லை.

15. சாவதற்கு முன்பே ஒருவர் ரகசியச் சொல் ஒன்றை வைத்துவிட்டுப் போனால் தெரிந்துவிடுமே?

நல்ல யோசனை, செய்தும் பார்த்தார்கள். மேஜிக் மேதை ஹூடினி தம் மனைவி பெஸ்ஸிடம் ஒரு ரகசியக் குறிப்பைச் சொல்லிவைத்து, 1926 அக்டோபர் 31 அன்று இறந்தார். 1929-இல் ஆர்தர் ஃபோர்டு என்ற மீடியம் அதைச் சொன்னதாகப் பரபரப்பு எழுந்தது. ஆனால் குறிப்பின் திறவுகோல் அதற்கு முந்தைய ஆண்டே அச்சில் வெளிவந்திருந்தது. பெஸ் 1936 வரை காத்திருந்துவிட்டுக் கைவிட்டார். பிரிட்டிஷ் உளவியலாளர் ராபர்ட் தௌலஸ் இன்னும் கவனமாகச் செயல்பட்டார். சங்கேதத்தில் எழுதிய செய்திகளை 1948-இல் வெளியிட்டு, அவற்றின் திறவுகோலை இறந்த பின் மீடியம் வழியே சொல்ல முயல்வதாக அறிவித்தார். 1984-இல் அவர் இறந்த பின் மீடியம்கள் அனுப்பிய திறவுகோல் எதுவும் பொருந்தவில்லை. அவற்றுள் ஒன்றைப் பின்னர் உடைத்தது ஒரு கணினி.

16. என் அம்மாவுக்கு அங்கே போனால் ஆறுதல் கிடைக்கிறது. தடுக்க வேண்டுமா?

இது அறிவியல் மட்டும் விடை சொல்லும் கேள்வி அல்ல. எப்போதாவது ஒருமுறை போய்வந்து, அதன் பின் இறந்தவரைப் பற்றி உங்களோடு மனம்விட்டுப் பேசுகிறார் என்றால், நான் வாதாடப் போகமாட்டேன். அடிக்கடி போகத் தொடங்குவது, கட்டணம் ஏறிக்கொண்டே போவது, ‘பரிகாரம் செய்யாவிட்டால் ஆவி சாந்தியடையாது’ என்ற அச்சுறுத்தல், மருத்துவம் அல்லது சொத்து பற்றிய முடிவுகளை மீடியத்திடம் கேட்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் தலையிடுங்கள். அப்போதும் ‘உன்னை ஏமாற்றுகிறார்கள்’ என்று தொடங்காமல், அவர் யாரோடு பேச ஏங்குகிறாரோ அவரைப் பற்றி நீங்கள் பேச்சைத் தொடங்குவது பலன் தரும்.

17. நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். பத்தாம் பதிலின் முறையைச் சிறிய அளவில் செய்யலாம். ஒரே பாலைச் சேர்ந்த, ஏறத்தாழ ஒரே வயதினரான, ஒரே உறவை இழந்த ஐந்து பேரைத் திரட்டுங்கள். அவர்கள் யாரும் மீடியத்தைச் சந்திக்கக் கூடாது. அவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் இட்டு, அவர்களை அறியாத ஒருவர் அந்த எண்ணை மட்டும் மீடியத்திடம் சொல்லி ஐந்து அமர்வுகளையும் பதிவு செய்யட்டும். பதிவுகளைத் தட்டச்சு செய்து, ‘முன்பு வந்தவருக்குச் சொன்னதுபோல’ என்பதுபோல் வரிசையைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை நீக்கி, ஐந்து தாள்களையும் கலைத்து ஒவ்வொருவரிடமும் கொடுத்து, தமக்குரியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

வெறும் ஊகத்திலேயே சராசரியாக ஒருவர் சரியாகத் தேர்ந்தெடுப்பார். மூன்று பேரோ அதற்கு மேலோ சரியாகத் தேர்ந்தெடுப்பதும் நூறு முறையில் சுமார் ஆறு முறை தற்செயலாகவே நடக்கும். ஆகையால் மூன்று வந்தால் கொண்டாடாமல், வேறு ஐந்து பேரை வைத்து மீண்டும் செய்யுங்கள். ஐவரும் சரியாகத் தேர்ந்தெடுப்பது 3,125 முறையில் ஒருமுறைதான் தற்செயலாக நடக்கக்கூடியது. அப்படி நடந்தால் முதலில் தாள்களில் ஏதேனும் குறிப்பு கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எனக்கும் தெரிவியுங்கள்.